இடது பாக்கெட்

கடைக்கதவில் தொங்கும் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்புவதற்கு முன் ஒலீட்டா டிரிஸ்கெல் தன் ஜீன்ஸின் இடது பாக்கெட்டை நாக்கு மாதிரி வெளியே இழுத்து உதறுகிறார். ஒரு மக்காச்சோள மணி விழுகிறது. குனிந்து எடுத்து, குஞ்சுக்கோழிக் கூண்டுக்குள் வீசுகிறார். பிறகு கல்லாமேல் கிடக்கும் தோல் உறையை எடுத்துப் பாக்கெட்டில் இறக்கி, மேலே துருத்தியிருக்கும் தோட்டாவின் மூக்கை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்க்கிறார். மூக்கு முன்பக்கம் பார்த்திருக்கிறது. பாக்கெட்டின்மேல் இரண்டு தட்டு. பலகை திரும்புகிறது. டாசன் வெல்ஸ் தீவனக் கடை திறந்தாயிற்று.

உறைக்குள் இருப்பது மேகசின். தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கூடு. துப்பாக்கி வலது இடுப்பில், தொளதொளத்த கட்டம்போட்ட சட்டைக்கு அடியில். அது இருப்பது ஊருக்கே தெரியும், ஆனால் கடையில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் இடுப்பில் ஒன்று இருக்கிறது. அதைப்பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. ஒலீட்டாவை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடது பாக்கெட்தான்.

"துப்பாக்கி எல்லாரும் வச்சிருப்பான். அது தீந்துபோனா என்ன பண்ணுவேன்னு கேளு, முழிப்பான்" என்பார்.

அந்தப் பாக்கெட்டில் வேறு எதற்கும் இடமில்லை. சாவி, சில்லறை, கைக்குட்டை எல்லாம் வலப்பக்கம். புது ஜீன்ஸ் வாங்கினால் கடையிலேயே விலைச்சீட்டைப் பிய்த்துவிட்டு, இடது பாக்கெட்டுக்குள் இரட்டைத் துணி வைத்துத் தைத்த பிறகுதான் மாட்டுவார். அப்படியும் வருடத்துக்கு ஒன்று, அந்த இடத்தில் நீளச்சதுரமாக வெளுத்துப்போகும். ஜனவரி முதல் சனிக்கிழமை பழைய தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை அடைப்பார். அதன்பிறகு அடுத்த ஜனவரிவரை வெறும் பயிற்சிக்காக அந்த உறையைப் பிரிக்கமாட்டார்.

அறுபத்தேழு வயது. ஐம்பது பவுண்டு தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே வருபவரிடம் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் நின்றதா என்று விசாரிக்கக்கூடிய உடம்பு. விரல்கள்தான் மாட்டேன் என்கின்றன. மூட்டுக்கு மூட்டு வேர்க்கடலை மாதிரி வீங்கியிருக்கிறது. போன குளிர்காலத்தில் தோட்டா ஏற்றுவதற்காகப் பழைய துப்பாக்கியின் மேல்தகட்டைப் பின்னுக்கு இழுக்க முடியாமல் மூன்று முறை நழுவவிட்டார். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியின் மெல்லிய ஒன்றை, இழுக்க லேசானதை, வாங்கினார். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

எனக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அப்பா பருத்தி எந்திரம் ஓட்டியவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். பட்டச் சான்றிதழ் வந்த அன்று அம்மாவுக்கு அடுத்தபடியாக ஒலீட்டாவிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டித் தூரப் பிடித்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். "லேமினேட் பண்ணிடு கண்ணு. கோழித்தூசி படும்" என்றார். இன்று உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து எனக்கு 'வாத்தியார்' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய இடம் கால்வரி சாலை சபையின் கடைசி பெஞ்ச், கதவோரம். பதினோரு வருடமாக. எங்கேயோ ஒரு சபையில் எவனோ புகுந்து சுட்ட செய்தி வந்த வருடம் எங்கள் சபையும் காவலுக்கு மூன்று பேரை வைத்தது. மூவருக்கும் சீருடை கிடையாது, அறிவிப்பு கிடையாது. கடைசி பெஞ்சில் உட்காருபவர்தான் தலைவர். அந்த இடத்தில் ஒலீட்டா பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்ததில்லை. ஜெபத்தில் கண் மூடியதில்லை. "நான் மூடாம இருக்கறதாலதான் நீங்கல்லாம் மூடறீங்க" என்பார். சபைக் கதவின் கீல், கழுதை கத்துவதுபோல் கத்தும். பாஸ்டர் ரேஃபோர்ட் அதற்கு எண்ணெய் விடப் போனபோது எண்ணெய்க் குப்பியையே பிடுங்கிக்கொண்டார். "அது கத்தட்டும் பாஸ்டர். எனக்கு அது நாலாவது ஆளு."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூவருக்கும் பரீட்சை. காவலில் இரண்டாவது ஆளான ஹார்லன் டப்ஸின் நிலத்தில், மாட்டுக்குட்டைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில், சபை விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகளைக் குத்திவைத்து. பத்தடி தள்ளி நின்று ஆறு, மேகசின் மாற்றி மறுபடி ஆறு, மொத்தம் இருபது வினாடி. பன்னிரண்டில் பத்து தட்டில் படவேண்டும். தேறாதவர் அடுத்த பரீட்சைவரை பின் பெஞ்சுகளில் உட்காரக்கூடாது. போய் முன்னால் எல்லோரோடும் உட்காரவேண்டும். கையில் துப்பாக்கி இல்லாத ஒரே ஆள் நான் என்பதால் கடிகாரமும் நோட்டும் என்னிடம்.

மூன்றாவது ஆள் காய் பிளெவின்ஸ். இருபத்தாறு வயது, மாட்டுப்பட்டியில் வேலை, கைக்குழந்தைக்காரன். இரண்டு வருடத்துக்கு முன் இவன் பரீட்சைக்குப் பை நிறையப் புத்தம்புது மேகசின்களோடு வந்து இறங்கினான். "ஞாயித்துக்கிழமை இந்தப் பையத் தூக்கிக்கிட்டா ஜெபத்துக்கு வர?" என்று கேட்டார் ஒலீட்டா. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்: பையில் இருப்பது செல்லாது; இடுப்பில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும்தான் பரீட்சைக்கு.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் ஹார்லன். எழுபது வயது, காற்றாலை ரிப்பேர்க்காரர். மேகசினையும் புதினா மிட்டாயையும் ஒரே பாக்கெட்டில் போட்டு வைத்திருந்தார். ஆகஸ்ட் வெயிலில் மிட்டாய் உருகி, தோட்டாக்கள் பல்லில் ஒட்டிய பாகு மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. அந்தக் கதையை ஒலீட்டா கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். விதை வாங்க வந்த வெளியூர்க்காரரிடமும் சொன்னார். "திருடன் வந்தா ஹார்லன் அவனுக்கு வாய் மணக்க வச்சு அனுப்புவான்" என்று முடிப்பார்.

போன ஏப்ரலில் ஹார்லனின் நிலம் மழைச்சேறாகிக் கிடந்ததால் பரீட்சை நடக்கவில்லை. அக்டோபர் பரீட்சைக்குப் போகும் வழியில் காய் ஒலீட்டாவைச் சீண்டினான்.

"ஒலீட்டாம்மா, கை நோவுன்னு கேள்விப்பட்டேன். அந்த சீட்ட எனக்குத் தொடச்சு வச்சிருங்க."

"தொடச்சு வைக்கறேன்டா. நீ உக்காந்து தூங்கறதுக்கு வசதியா தலகாணியும் போட்டு வைக்கறேன்."

ஆனால் வண்டியின் கியர்மேல் இருந்த அவர் விரல்கள் மடங்குவதும் நீளுவதுமாக இருந்ததைப் பார்த்தேன். அந்த இடம் போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். கணவர் இல்லை, மகள் தூரத்தில், ஒரிகான் மாநிலத்தில். வாரத்தில் ஆறு நாள் மூட்டை தூக்குவதே ஏழாவது நாள் அந்தக் கதவோரம் உட்காருவதற்காக என்பதுபோல் வாழ்பவர்.

காய் பதினேழு வினாடியில் முடித்தான், பதினொன்று தட்டில். ஹார்லன் பத்தொன்பதில், சரியாகப் பத்து. முடித்துவிட்டு வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டார்.

ஒலீட்டா கோட்டில் வந்து நின்றார். "ம்" என்றேன். சட்டை விலகியது. முதல் ஆறும் நடுத்தட்டில், ஒரு டம்ளரை வைத்து மூடிவிடலாம் போல நெருக்கமாக. ஏழு வினாடி. காய் வாய்க்குள் சீட்டியடித்தான். காலி மேகசின் கீழே விழுந்தது. இடது கை போனது, வந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம். நான் கண் சிமிட்டியிருந்தால் எப்போது எடுத்தார் என்றே தெரிந்திருக்காது.

மேகசின் உள்ளே போகவில்லை.

உள்ளங்கையால் ஒரு குத்து. போகவில்லை. திருப்பிப் பார்த்து மறுபடி. இரும்பில் இரும்பு இடிக்கும் மொண்ணைச் சத்தம். என் கையில் கடிகாரம் பதினைந்து, பதினாறு என்று ஓடியது.

"நிறுத்து வாத்தியாரே."

துப்பாக்கியை உறையில் வைத்துவிட்டு, மேகசினை வெயிலில் தூக்கிப் பிடித்தார். சான்றிதழைப் பிடித்ததுபோலவே, தூரமாக. பழைய துப்பாக்கியின் மேகசின். அதே கம்பெனி, அதே தோட்டா, அதே மூக்கு. கூடு மட்டும் ஒரு நூல் அகலம் அதிகம். புதுத் துப்பாக்கியோடு வந்த மேகசின்களைப் பயிற்சிப் பையில் போட்டு, அவற்றை வைத்தே சுட்டுப் பழகியிருக்கிறார். இடுப்பில் இருந்தது மாறியது. இடது பாக்கெட் மாறவில்லை. தோட்டா தீர்ந்தால் என்ன செய்வாய் என்று ஊரையே கேட்டவர், அத்தனை மாதமும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஹார்லன்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஒலீட்டா, வண்டியில உன் பை கெடக்கு. எடுத்துட்டு வந்து மறுபடி சுடு. குறி ஒண்ணும் போகலயே. நாம நாலு பேரு, ஒரு மாடு. மாடு சொல்லாது."

"சட்டம் யாரு போட்டது ஹார்லன்?"

"நீதான். அதான் நீயே தளர்த்திக்கயேன்."

"உன் மிட்டாய்க் கதைய எத்தன பேருட்ட சொல்லிருப்பேன்?"

"என் பேத்தியோட கல்யாணத்துல மைக்குல சொன்ன."

"அப்ப?"

ஹார்லன் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். ஒலீட்டா என் பக்கம் திரும்பினார்.

"பிப்ரவரி ரெண்டாம் சனியிலேருந்து நேத்து வரைக்கும் எத்தன ஞாயிறு?"

மனத்துக்குள் எண்ணினேன். "முப்பத்தஞ்சு."

"ஒண்ணு ஆலங்கட்டி மழன்னு சபை நடக்கல" என்றார் ஹார்லன், ஏதோ அதனால் கொஞ்சம் குறையுமே என்பதுபோல.

"முப்பத்து நாலு. முப்பத்து நாலு ஞாயிறு உங்கள எல்லாம் கண்ண மூடச் சொல்லிட்டு, இந்த இரும்புக் கட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்." நாளைக்கு என்ன லோடு வருகிறது என்று சொல்லும் குரல்தான். "எழுது வாத்தியாரே. ஒலீட்டா டிரிஸ்கெல், தேறல."

என் பேனா ஓடவில்லை.

"பட்டம் வாங்கினவன்தானே? எழுத்து தெரியும்ல?"

எழுதினேன். தள்ளி நின்று பார்த்து, 'தேறல'வுக்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன்.

காய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "நீங்க எங்க உக்காருவீங்க ஒலீட்டாம்மா?"

"முன்னாடி. பாஸ்டர் எச்சி தெறிக்கற வரிசையில. ஏப்ரல் வரைக்கும் நனஞ்சு தொலைக்கறேன்." பிறகு அவன் இடது பாக்கெட்டை ஆள்காட்டி விரலால் ஒரு குத்து குத்தினார். "தெனம் எடுத்துப் பாரு. போட்டுப் பாரு. தொட்டுப் பாத்தா போதும்னு நெனைக்காத. நான் தொட்டுத்தான் பாத்தேன்."

அந்த அகல மேகசின் இப்போது கடைக் கல்லாமேல், தோட்டாக்கள் இல்லாமல், காற்றாடிக்குப் பறக்கும் விளம்பரத் தாள்களின்மேல் பாரமாகக் கிடக்கிறது. யார் கேட்டாலும் கதை சொல்கிறார். கேட்காதவர்களுக்கும் சொல்கிறார். மிட்டாய்க் கதையை நிறுத்திவிட்டார்; அது அவ்வளவு நல்ல கதை இல்லையாம். சரியான மேகசினின் அடியில் பரீட்சை அன்று இரவே துணி நாடா ஒரு சுற்று சுற்றிவிட்டார், விரலுக்கு வித்தியாசம் தெரிய. இப்போதெல்லாம் தினமும் காலையில் பாக்கெட்டை உதறியபின் அதைத் துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே பலகை திரும்புகிறது. அதனால் கடை ஒரு நிமிடம் தாமதமாகத் திறக்கிறது. ஊர் பழகிக்கொண்டது.

அந்தப் பரீட்சைக்கு மறுநாள், ஞாயிறு. ஒலீட்டா பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, பாராட்டு வாங்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்து, இரண்டாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தள்ளு வாத்தியாரே." கடைசி பெஞ்சில் காய், முதுகு விறைக்க, கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னதும் ஒலீட்டா புத்தகத்தை எடுத்து, பக்கம் தெரியாமல் புரட்டிப் புரட்டி, கடைசியில் என் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார். குரல் அப்படியொன்றும் நன்றாக இல்லை.

ஜெபத்தின் நடுவே பின்னால் கீல் கத்தியது.

என் கண் தானாகத் திறந்துவிட்டது. முன்னால் இரண்டு தலைகள் திரும்பின. பாஸ்டரே ஒரு சொல்லை விழுங்கினார். தாமதமாக வந்த யாரோ ஒருவர். காய் எழுந்து நின்று, தலையசைத்து, இடம் காட்டினான். பக்கத்தில் பார்த்தேன். ஒலீட்டாவின் கண்கள் இறுக்கமாக மூடியிருந்தன. இடது கை மட்டும் மடியிலிருந்து நழுவிப் பாக்கெட்டுக்குள் போய், துணி நாடாவைத் தேடித் தொட்டுவிட்டு, மறுபடி வந்து வலது கைமேல் படுத்துக்கொண்டது.