எருமை தின்ற செய்தி

ஆவடி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கடைக்காரர் இருக்கிறார், பூக்காரம்மா இருக்கிறார், பீடியோடு ஒரு தொழிற்சாலைக்காரர் இருக்கிறார், அரக்கோணம் வண்டிக்கு நிற்கிற நான் இருக்கிறேன். ஒரு எருமையும் இருக்கிறது.

ரஷ்யாவில் அணு உலை வெடித்ததிலிருந்து, வெளிநாட்டுப் பால்பவுடரில் விஷம் என்று ஊரெல்லாம் பேச்சு. காலையிலிருந்து ஒரு டீகூட விற்கவில்லை. அதனால் கடைக்காரர் எருமையைக் கொண்டுவந்து எங்கள் கண்ணெதிரே கறக்கிறார்.

"பாத்துக்கோ நைனா, இதுல பவுடர் கீதா?"

"பவுடர் இல்ல அண்ணாத்தே. உன் எருமை இன்னா துன்னுது பாரு," என்கிறார் தொழிற்சாலைக்காரர்.

எருமை வாயில் பேப்பர். வெடித்த உலையின் படம் பாதி உள்ளே போய்விட்டது.

"அதுவே பயப்படாம துன்னுது, உனக்கு இன்னா?" என்று பூக்காரம்மா முதல் கிளாஸ் டீயை வாங்கிக் குடிக்கிறார். எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறோம்.

"சக்கரை பத்தல," என்கிறார்.

என் வண்டி வருவதற்குள் விற்ற டீ பதினொன்று.