நண்டு கீறிய விரல்

எங்கள் தீவான பசியாவரத்திலிருந்து ஏரியில் நண்டு வலை எடுக்கப் போனது நானும் அக்கா புருஷனும் மட்டும்தான். படகு என்ஜின் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டது. என்ஜின் நின்றுவிட்டதென்று நினைத்து, கயிற்றை எடுக்க மாமா கையை விட்டார். அது இன்னொரு சுற்று சுற்றியது. முழங்கைக்குக் கீழே பிளந்து ரத்தம் கொப்பளித்தது.

வழக்கம்போல என் வாய்தான் முந்திக்கொண்டது. "இன்னா மாமா, அக்கா கறி கேட்டுச்சின்னு இங்கயே வெட்டிட்டியா?"

அவர் சிரிக்கவில்லை. நான் பிடிக்கப் போனதும் கையை இழுத்துக்கொண்டார்.

"கிட்ட வராத. எனுக்கு அந்த 'பி' காமாலை கீது. ரத்தம் பட்டா ஒட்டிக்குமாம். உங்கக்கா அதுக்குத் தடுப்பூசி போட்டுக்கிச்சி. நீ போடல. உன் விரலப் பாரு."

வலையிலிருந்து நண்டு பிடுங்கிப் பிடுங்கி என் பத்து விரலிலும் கீறல்.

சோறு கட்டி வந்த பிளாஸ்டிக் கவர் இரண்டு கிடந்தது. கைக்கு ஒன்றாக மாட்டி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். அவர் துண்டை மடித்து வெட்டின்மேல் வைத்து அழுத்தினேன். அது நனைந்தது. அதன்மேல் என் லுங்கியை வைத்து இன்னும் அழுத்தினேன். மாமாவின் உதடு வெளுத்தது.

"தூங்காத மாமா. தூங்கினா போன வாரம் குடிச்சத அக்காவாண்ட சொல்லிடுவேன்."

"சொல்லிக்கோ. கவரக் கயட்டாத."

ரத்தம் மட்டுப்பட்டதும் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இனிப் படகைத் தள்ள வேண்டும். கழி கவரில் வழுக்கியது. கவர்களை உருவி எறிந்துவிட்டுக் கழியை எடுத்தேன். அடியில் கிடந்த நண்டு விரலைக் கவ்வியது.

நண்டு கடித்தால் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்புவது எங்கள் பழக்கம். யோசிக்கவே இல்லை, உறிஞ்சிவிட்டேன். கவரை உருவும்போது பட்ட மாமாவின் ரத்தம் அந்த விரலில் இருந்தது.

மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"துப்புடா," என்றார். "துப்பு."

குடிதண்ணீர் பாட்டில் முழுவதையும் கொப்பளித்துத் துப்பினேன். பிறகு கழியை ஊன்றித் தள்ளினேன். எவ்வளவு தள்ளியும் கரை நகர்ந்து வரவில்லை.

ஒருவழியாகக் கரை சேர்ந்ததும், அங்கிருக்கும் பழைய டச்சுக்காரன் கல்லறையாண்ட ஒரு ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மாமாவுக்குத் தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நான் விரலை உறிஞ்சியதைச் சொன்னதும், என் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஊசி போட்டார் நர்ஸம்மா.

"ஒட்டிக்கிச்சா?" என்றேன்.

"இப்ப தெரியாது. சில மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிரிக்க வைக்கலாமென்று வாயைத் திறந்தேன்.

"பேசாத," என்றார். "இன்னொரு வாட்டி போய்க் கொப்பளி."