வெல்ல நிறத் தோல்பை

என் அம்மாவின் வலது கையில் எப்போதும் "சொல்யூஷன்" வாசனை இருக்கும். தோலையும் பஞ்சையும் சேர்த்து ஒட்டுகிற மஞ்சள் பசைக்கு அவள் வேலை செய்த ஒர்க்‌ஷாப்பில் அதுதான் பெயர். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது போகாது. அந்தக் கையால் பிசைந்து தந்த ரசம் சோற்றிலும், இழுத்துப் பின்னிவிட்ட சடையிலும், காய்ச்சல் வந்த நாட்களில் நெற்றியில் வைத்த உள்ளங்கையிலும் அந்த வாசனைதான். இன்றைக்கும் ஏதாவது செருப்புக் கடையைத் தாண்டும்போது அது மூக்கில் பட்டால் முதலில் அம்மா நினைவுக்கு வருவாள், அடுத்த நொடி கோபம் வந்துவிடும். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இனிமையாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் போகிற மண் பாதையின் முடிவில், பெயர்ப்பலகை இல்லாத நீளமான தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை வேண்டியதில்லை, அங்கே வருகிறவர்கள் பலகையைப் பார்த்து வருகிறவர்கள் அல்லர். பெங்களூரின் பெரிய வீடுகளில் முப்பது நாற்பது வருடமாக நின்று துருப்பிடித்த வெளிநாட்டுப் பந்தயக் கார்கள், தார்ப்பாய் போர்த்தி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி லாரியில் ஏறி அங்கே வந்து சேரும். இடுப்பளவு உயரம்கூட இல்லாத, இரண்டே கதவும் இரண்டே இருக்கையும் கொண்ட, ஊரில் ஒரு வேகத்தடையைக்கூட வயிறு உரசாமல் தாண்ட முடியாத கார்கள். இன்ஜின் ஒரு மூலையில் பிரியும், உடம்புத் தகடு டிங்கர் அன்வர் அண்ணன் கைக்குப் போகும், இருக்கைகள் கழன்று அம்மாவின் தையல் மேசைக்கு வரும்.

அம்மாவின் பெயர் வசந்தா. கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூர்ப் பக்கம் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ஆறு வருடம் தைத்தவள். அங்கே ஒரு தையல் கோணினால் சூப்பர்வைசர் அந்த ஜோடியை எடுத்து மேசை மேலேயே விட்டெறிவாராம். அப்படி அடிபட்டு அடிபட்டு நேராகப் போகப் பழகிய கை அது. சூளகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அந்தக் கைக்கு இந்தக் கொட்டகையில் வேலை கிடைத்தது. பதினான்கு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். முதலாளி பிரகாஷ் சாரைத் தவிர எல்லோருக்கும் அவள் "வசந்தாக்கா".

கொட்டகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காரிலிருந்து கழித்துப் போட்டதெல்லாம், கிழிந்த தோல், இறுகிப்போன ரப்பர், விரிசல் விட்ட கண்ணாடி, எல்லாம் வாசலருகே உள்ள ஒரு நீல டிரம்மில் விழும். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் யாருக்கு எது வேண்டுமோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். "டிரம்முல விழுந்தது உங்களுது" என்பது பிரகாஷ் சாரே சொன்ன வாக்கு. அவருக்கு வீட்டில் கன்னடம், கொட்டகையில் தமிழ், வாடிக்கையாளர்களிடம் இங்கிலீஷ். மூன்றில் எந்த மொழியில் கொடுத்த வாக்கு எவ்வளவு நாள் நிற்கும் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்வர் அண்ணன் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு ஜெர்மன் காரின் பக்கக் கண்ணாடி. எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் எலி நுழையாமலிருக்க இங்கிலாந்து ரப்பர். இதிலெல்லாம் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எலி வரவில்லை, அவ்வளவுதான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஓர் இத்தாலிக் கார் வந்தது. சிவப்பு. அதன் இருக்கைகள் மட்டும் வெல்ல நிறத்தில், வெயிலில் காய்ந்து வரப்பு போல வெடித்திருந்தன. புதுத்தோலில் அதே போலத் தைத்துப் போடும்படி அம்மாவிடம் சொன்னார்கள். பழைய உறையைப் பிரிக்கும்போது ஓட்டுநர் இருக்கையின் முதுகுப் பக்கத்தில் ஒரு விஷயத்தை அம்மா கண்டாள். மேலிருந்து கீழாக வந்த தையல் வரிசை, நடுவே ஏழு தையலுக்கு மட்டும் இடப்பக்கமாக வழுக்கிப் போய், பிறகு சுதாரித்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பியிருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தாள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து எவனோ தூங்கி வழிந்துகொண்டே தைத்திருக்கிறான், அந்த ஊரில் சூப்பர்வைசர் கிடையாதோ என்னவோ என்றாள். முகம் தெரியாத அந்த ஆளின் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி, புது உறையில் அந்த ஏழு தையலையும் நேராகப் போட்டாள். செருப்புத் தொழிற்சாலையில் வளர்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பழைய உறை டிரம்மில் விழுந்தது. சனிக்கிழமை அம்மா அதை எடுத்து வந்தாள். வெடிக்காத பாகங்களாகப் பார்த்து வெட்டி, எனக்கு ஒரு புத்தகப் பை தைத்தாள். கோணல் தையல் இருந்த துண்டை வேண்டுமென்றே முன்பக்கம் வைத்தாள், என் பையை நான் எங்கேயும் அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று. பள்ளியில் எல்லோரிடமும் அரசாங்கம் கொடுத்த ஒரே மாதிரிப் பை. என்னுடையதை "செருப்புப் பை" என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தைக்குள் பையை மட்டுமா வைத்துச் சொன்னார்கள் என்பது அந்த வயதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. இது பந்தயக் காரின் தோல் என்றேன், ஒருத்தியும் நம்பவில்லை. இரண்டு முறை ஒளித்து வைத்து அழ வைத்தார்கள். மூன்றாம் முறை நடக்கக் கூடாதென்று, முன்பக்கத் துண்டின் உட்புறத்தில், துணி மாதிரி சொரசொரப்பாக இருந்த இடத்தில், நீலப் பேனாவால் அழுத்தி எழுதினேன்: "இது கோமதியின் பை. 6 ஆ. எடுக்காதே."

ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில், பிரகாஷ் சாரின் ஜீப் பள்ளி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து அம்மா இறங்கினாள். அம்மா ஜீப்பில் வருகிறாள் என்று நான் பூரித்துப்போய் ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், கையில் கொண்டுவந்திருந்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையை விரித்து, "பொஸ்தகத்த இதுல போடு கண்ணு. அந்தப் பை வேணும்" என்றாள். பையைத் தர மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியை விடாததால் என்னையும் சேர்த்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நடந்தது இதுதான். காரின் சொந்தக்காரர் அன்று காலை பெங்களூரிலிருந்து வந்து, புது இருக்கையைத் தடவிப் பார்த்து, கோணல் எங்கே என்று கேட்டிருக்கிறார். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் அவருக்கு எழுதியிருந்தாராம்: அந்தக் கோணல் ஒரு கைவினைஞரின் கைரேகை மாதிரி, அது இருந்தால்தான் அந்த இருக்கை அந்தக் காரோடு பிறந்தது என்பதற்குச் சான்று என்று. இப்போது சான்றும் இல்லை, கோணலும் இல்லை, அளவெடுத்தது போல ஒரு நேர்வரிசை இருக்கிறது. இத்தாலியில் ஒருவன் தவறாகத் தைத்தால் அது வரலாறு. சூளகிரியில் ஒருத்தி சரியாகத் தைத்தால் அது குற்றம். பல வருடமாக இந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கொட்டகையில் அந்தப் பெரிய மனிதர் என் கையிலிருந்து பையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோணலைக் கண்டதும் முகம் மலர்ந்தார். உள்ளே திருப்பியதும் முகம் சுருங்கியது. என் எழுத்தைப் பார்த்துவிட்டார். இதில் யார் கிறுக்கியது என்று பிரகாஷ் சாரைக் கேட்டார். சார் பெட்ரோலைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். அந்தச் சொரசொரப்பில் ஊறிய மை போகவில்லை. இது எப்படி வெளியே போயிற்று என்று அடுத்த கேள்வி வந்தது. "நான் கொடுத்த வாக்கு, எங்கள் கொட்டகையின் வழக்கம்" என்று சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளுமே. அவர் இங்கிலீஷில் சொன்ன பதிலில் எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்: "லேபர் ப்ராப்ளம்".

அந்த இரண்டு சொற்களும் அம்மாவுக்கும் புரிந்துவிட்டன.

"டிரம்முல விழுந்தது உங்களுதுன்னு சொன்னது நீங்கதானுங்க சார்" என்றாள். குரல் உயரவில்லை. "நேத்து வரைக்கும் வேஸ்ட்டு. இன்னிக்கி மட்டும் ஒரிஜினலா?"

அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாள் வந்தது. முதலாளியின் அனுமதியில்லாமல் பொருளை எடுத்துச் சென்றேன், இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் சார். அன்வர் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "பழி ஓரிடம் பாவம் ஓரிடம். எழுதாதக்கா" என்றார். மற்ற பன்னிரண்டு பேரும் அவரவர் காருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவர்கள் வீடுகளிலும் டிரம் சாமான் இருந்தது. அம்மா எழுதினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும். "அனுமதி" என்பதற்கு எந்த "னு" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். என் தாயைத் திருடி என்று எழுதிய கடிதத்தில் பிழை வராமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

போகும்போது அந்தக் கார்க்காரர் எனக்கு ஒரு வெளிநாட்டுச் சாக்லேட் பெட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஏன் எழுதினாய் என்று அம்மாவைக் கேட்டேன். கட்டைப்பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நேரா எழுதினா வேலை போயிரும், கோணலா எழுதினா நிக்கும். தையலயும் அப்பிடித்தான கேக்கறாங்க" என்றாள்.

புது உறையை அந்தக் கோணலோடு மறுபடி தைக்கச் சொல்லியிருந்தார்கள். கோணலாகத் தைப்பது லேசான காரியம் அல்ல. தோலில் ஒரு முறை ஊசி இறங்கினால் துளை துளைதான். பிரித்துவிட்டு மறுபடி தைக்க முடியாது. பிரிக்கப்பட்ட என் பையின் துண்டை மேசையில் ஆணியடித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ரெக்சினில் பழகினாள். கை கேட்கவில்லை. ஐந்தாவது தையலிலேயே தானாக நேராகிவிடும். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாவது நாள் புதுத்தோலில், அந்தத் தூங்குமூஞ்சி இத்தாலிக்காரன் வழுக்கிய அதே இடத்தில், அதே ஏழு தையல் வழுக்கின. பிரகாஷ் சார் கைதட்டினாராம். அம்மா அன்று வீட்டுக்கு வந்து கிழியாத ஒரு தலையணை உறையை எடுத்துப் பிரித்து, ஓரம் முழுக்க நேராகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நீல டிரம்முக்கு மூடியும் பூட்டும் வந்தன. கழிவையெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிக் கொளுத்தினார்கள். யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று நல்ல தோலையும் சேர்த்து எரித்தார்கள். நாற்றம் சாலை வரைக்கும் வரும். அம்மா இன்னும் நான்கு வருடம் அங்கே தைத்தாள். ஒரு நூல்துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

இப்போது அந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் கிடங்கு நிற்கிறது. கொட்டகை போனதற்காக நான் அழவில்லை. அன்வர் அண்ணன் ஓசூரில் ஷட்டர் கடை வைத்திருக்கிறார். நான் ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கை உறைகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கோணல் தையல் வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிறேன். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் கை ஒரு கணம் நிற்கிறது.

போன மாதம் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் புல்வெளியில் பழைய கார்களின் கண்காட்சிக்கு எங்கள் பிரிவிலிருந்து அழைத்துப் போனார்கள். சிவப்பைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். ஓட்டுநர் இருக்கையில் அம்மாவின் ஏழு தையல் அப்படியே இருந்தது. பக்கத்தில் நிறுத்திவைத்த ஒரு பலகையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அதே கோணலோடு வெல்ல நிறத்தில் ஒரு தோல் துண்டு, என் பையின் முன்பக்கம். கீழே இங்கிலீஷில் ஓர் அட்டை: பெயர் அறியப்படாத இத்தாலியக் கைவினைஞரின் கை வண்ணம், புது உறையிலும் மாறாமல் பேணப்பட்டிருக்கிறது. யார் பேணியது என்று அதில் இல்லை. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். கண்புரை முற்றியதிலிருந்து அவள் ஊசி தொடுவதில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏழும் இருக்குதா?" இருக்கிறது என்றேன்.

வெள்ளைக் கையுறை போட்ட ஓர் இளைஞன் காவலுக்கு நின்றான். அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்ட முடியுமா, பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் மறுத்தான். "தொடக் கூடாது மேடம். ஒரிஜினல்."

பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அங்கே கூடியிருந்த யாருக்கும் தெரியாது. பெட்ரோலுக்கும் போகாத நீல மையில், பலகையைப் பார்த்தபடி, அது அங்கேதான் இருக்கிறது: இது கோமதியின் பை. 6 ஆ. எடுக்காதே.