அறுநூறு ரூபாய் வித்தியாசம்

2010-ம் வருடம், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம். மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். கூட வேலை பார்த்தவர் நின்றுவிட்டதால் இரண்டு பேர் வேலையும் என் தலையில். மோடம் எது, ரூட்டர் எது, எதற்கு விலை குறைவு என்று நாள் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குளச்சலிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டு ஃபோன் லைனில் இன்டர்நெட் கொடுத்துவிட்டார்கள், அதற்கான பெட்டியை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்றார். பாதிதான் காதில் வாங்கினேன். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தேன். ஒன்று ஆயிரத்து இருநூறு, மற்றது ஆயிரத்து எண்ணூறு.

"ரெண்டும் ஒண்ணு போலதான இருக்கு. பின்ன எதுக்கு அண்ணே அறுநூறு கூட?"

கம்பெனி வித்தியாசம்தான் என்று சொல்லிவிட்டேன். அது பொய். விலை குறைந்தது வெறும் ரூட்டர். வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட இன்டர்நெட்டைப் பங்கு போட்டுத் தருவது மட்டும்தான் அதன் வேலை. ஃபோன் லைனிலிருந்து இன்டர்நெட்டை எடுக்க மோடம் வேண்டும். அதுவும் சேர்ந்திருந்ததால்தான் மற்றதற்கு அறுநூறு கூடுதல். விளக்கிச் சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. அவர் விலை குறைந்ததை வாங்கிப் போனார்.

திங்கட்கிழமை பெட்டியோடு வந்து, இன்டர்நெட் லைட்டே எரியவில்லை என்றார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், ஃபோன் ஆபீஸில் கேளுங்கள் என்று அனுப்பினேன். அங்கே, பெட்டியில்தான் கோளாறு என்றார்களாம். புதன்கிழமை மழையில் நனைந்தபடி மறுபடியும் வந்து நின்றார். சண்டை போடவில்லை. அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் வீங்கியிருந்தன. ஃபோன் வயரை எங்கே சொருகினீர்கள் என்று கேட்டேன். அவர் விரல் வைத்துக் காட்டியது ஃபோன் வயருக்கானதே அல்லாத துளை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, சரியான பெட்டியோடு அவருடனே பஸ் ஏறினேன். கருங்கல் தாண்டியதும் மெல்லச் சொன்னார். குவைத்தில் கட்டட வேலையில் இருந்த கணவர் மாடியிலிருந்து விழுந்து முதுகில் அடி. ஆபரேஷனுக்கு முன்னால் மனைவி, பிள்ளைகள் முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று கேட்டாராம். கூட்டாளி ஒருவர் லேப்டாப்போடு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் காத்திருந்திருக்கிறார். ஆபரேஷன் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது.

வீட்டில் பெட்டியை மாட்டிய கொஞ்ச நேரத்தில் லைட் எரிந்தது. படுத்தபடியே கணவர் கம்ப்யூட்டர் திரையில் வந்தார். பிள்ளைகள் திரையை ஒட்டிப் போய் நின்றார்கள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

பிறகு வெளியே வந்த அந்தப் பெண்ணிடம், வித்தியாசம் தெரிந்தும் சொல்லாமல் விட்டேன், தப்பு என்னுடையது என்றேன்.

"சாரமில்ல அண்ணே. ஆளு இருக்காரு, கண்டாச்சு" என்றார், பரவாயில்லை என்கிற மாதிரி.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கணவர் நடக்கத் தொடங்கி ஊர் வந்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனாலும், களைத்துப்போன நேரத்தில் யாராவது ஒரு சின்னச் சந்தேகம் கேட்டால், என் பதிலுக்காக எங்கே யார் காத்திருக்கிறார்களோ என்ற பயம் இன்றும் என்னை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது.