இரண்டு கதைக்கு ஒரு தாள்

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இப்பல்லாம் யாருங்க புஸ்தகம் படிக்கிறாங்க? அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு படிச்சாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் காலத்தில் எந்த வீட்டில், யார், என்ன விலை கொடுத்துப் படித்தார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்? நல்லவேளை, பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மனுஷன் தப்பித்தார்.

செஞ்சியில், அறுபதுகளில், ஆசைக்குப் புத்தகம் படித்த பெண்களை நான் அறிவேன். திருட்டுத்தனமாகப் படித்தார்கள், இல்லையென்றால் அடி வாங்கிக்கொண்டு படித்தார்கள். எங்கள் வீட்டில் அதற்காக ரத்தமே சிந்தியது. நான் பார்த்தேன்.

எங்களுடையது கூட்டுக்குடும்பம். நைனாவும், அதாவது அப்பாவும், அவருடைய தம்பியும் சேர்ந்து மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்கள். ஊர் வேர்க்கடலை என்கிறதை நாங்கள் மல்லாட்டை என்போம். வீட்டில் அம்மா, சின்னம்மா, நான். சின்னம்மா என்றால் சித்தப்பாவின் மனைவி. அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மாப்பிள்ளை வரட்டும் என்று வீட்டில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தேன். பொழுது போகாமல் எல்லோரையும் கவனிப்பதே எனக்கு வேலை.

அம்மாவுக்குப் பிணம் விழாத கதை கதையே இல்லை. முதல் வாரத்திலேயே ஒருத்தன் சாக வேண்டும். விஷமானால் விசேஷம். மாவாட்டிக்கொண்டே எனக்குக் கொலையை விவரிப்பாள். கழுத்தை நெரிக்கிற இடம் வந்தால் கை நின்றுவிடும், கண் பெரிசாகும். நிஜத்தில் கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாள், பின்கட்டுக்கு ஓடிவிடுவாள். சின்னம்மாவுக்கு ராஜா ராணிக் கதைதான் உயிர். குதிரை வேண்டும், மதில் வேண்டும், மதில்மேல் நின்று ஓர் இளவரசி யாருக்காகவாவது காத்திருக்க வேண்டும். வாசலைத் திறந்தால் ராஜகிரி நிற்கிறது. அந்தக் கோட்டைப் பாறையில் நாங்கள் மல்லாட்டை காய வைப்போம், ஆடு மேய்ப்பவர்கள் தூங்குவார்கள். சின்னம்மா ஒருத்திதான் அதை அண்ணாந்து பார்த்து, "ராணிங்க இவ்ளோ படி ஏறுறதுக்குள்ள மூட்டு தேஞ்சிருக்கும்டி" என்று கவலைப்படுவாள்.

இரண்டு கதையும் ஒரே வாரப் பத்திரிகையில் வந்தன. திண்டிவனம் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். கடைக்காரர் எடுப்பதே ஏழெட்டுப் பிரதிதான். அதில் ஒன்றை நைனா வாங்கி வருவார். படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து வைப்போம். கதை முடிந்ததும் மைதாப் பசை காய்ச்சி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்வது என் வேலை. அன்றைக்குப் படிக்கிற வீடுகளில் எல்லாம் இப்படித்தான். கடையில் புத்தகம் வாங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

இதில் ஒரு தொல்லை உண்டு. அந்த வாரத்துக்கு ஒரு கதை முடிகிற தாளின் முதுகிலேயே இன்னொரு கதை தொடங்கிவிடும். அம்மாவின் கொலையை உருவினால் சின்னம்மாவின் அரண்மனைக்கு வாசல் போய்விடும். அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கதை அந்தத் தாளில் முடிகிறதோ அதற்கே தாள். மற்றவளுக்கு நான் கையால் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், யாரும் குறை சொன்னதில்லை.

இனி சித்தப்பா. மண்டியில் அவரைப் போல ஒரு தங்கமான மனிதர் கிடையாது. மூட்டை தூக்குகிறவனைக்கூட அதட்ட மாட்டார். அதட்டலையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னம்மா முதுகில் இறக்குவார். ஒருநாள் மத்தியானம் சின்னம்மா அடுப்பண்டை குழம்பைக் கிளறிக்கொண்டே படித்துத் தனியாகச் சிரித்திருக்கிறாள். சித்தப்பா வாசற்படியில் நின்றபடி, "யார நெனச்சு சிரிக்கிற?" என்று கேட்டார். அவளும் சாதாரணமாக, "கதையில ஒருத்தன் வர்றாங்க" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். முடியைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினார். இல்லாத இளவரசனுக்காக அடி வாங்கிய பொம்பளை உலகத்திலேயே எங்கள் சின்னம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இன்னொரு தபா கையில புஸ்தகத்த பாத்தேன், அந்தக் கைய ஒடைப்பேன்."

செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். சின்னம்மாவுக்கும் தெரியும். ஒரு வாரம் படிக்காமல் இருந்து பார்த்தாள். சோறு இறங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. எட்டாம் நாள் அம்மாவிடம் வந்து, "அக்கா, அந்தக் குதிரைக்காரன் தப்பிச்சானா இல்லியா, அதையாவது சொல்லிடு" என்று அழுதாள். அம்மா அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தாள். சித்தப்பா கண்ணுக்கு, பத்திரிகை அம்மாவுக்கு வருகிறது, படிப்பவள் அம்மா, சேர்ப்பவள் அம்மா. சித்தப்பா மண்டியில் இருக்கும்போது சின்னம்மா அடுப்பண்டை படிப்பாள். அம்மா வாசலில் உட்கார்ந்து புளி ஆய்வாள். செருப்புச் சத்தம் கேட்டால் கனைப்பாள். சேர்த்து வைத்த பக்கங்கள் தவிட்டுப் பானைக்குள் இருக்கும். அண்ணி சமாசாரத்தில் தலையிடுகிற தைரியம் சித்தப்பாவுக்குக் கிடையாது. இரண்டு வருஷம் இப்படி ஓடியது. கொலையும் ராஜ்யமும் ஒன்றாக வளர்ந்தன. சொந்த அக்கா தங்கை அப்படி இருக்க மாட்டார்கள்.

அப்புறம் கொலைக்கதை முடிந்தது. அதே வாரம் சின்னம்மாவின் கதையில் இளவரசியின் பட்டாபிஷேகம். கொலைகாரன் யார் என்று சொல்லி, கீழே 'முற்றும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பக்கத்தைத் திருப்பினால், பக்கம் முழுக்க இளவரசியின் படம். தலையில் கிரீடம், பின்னால் மலை. அந்த மலை அச்சு அசல் எங்கள் ராஜகிரி மாதிரி இருந்தது. சின்னம்மா அதைப் பார்த்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள், சாமி படத்துக்குப் போடுவது போல.

சட்டப்படி தாள் அம்மாவுக்கு. ஆனால் படத்தை நான் எப்படி எழுதிக் கொடுப்பது? இன்னொரு பிரதி கேட்டுக் கடைக்கு ஓடினேன். எல்லாம் போய்விட்டது. திரும்பி வருவதற்குள் வீட்டில் குரல் ஏறிவிட்டது.

"முற்றும் இல்லாம பைண்டு பண்ணா அது முடிஞ்ச புஸ்தகமாடி?" என்றாள் அம்மா.

"நாலு எழுத்துக்கா? அந்தப் பொண்ணு எழுதித் தராதா? எனக்கு இன்னா இருக்குது இந்த ஊட்ல, இந்தப் படத்த வுட்டா?"

"சட்டம்னா சட்டம்."

"உன் சட்டத்துல கொள்ளி வெய்யி."

தாள் அம்மா கையில் இருந்தது. சின்னம்மா பாய்ந்து பிடித்தாள். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் முற்றத்தில் புரண்டார்கள். நான் பெண்கள் சண்டை நிறையப் பார்த்திருக்கிறேன், குழாயடியில், ரேஷன் வரிசையில். இது அது இல்லை. அம்மா சின்னம்மாவின் கொண்டையைக் கையில் சுற்றித் தரையில் இடித்தாள். சின்னம்மா அம்மாவின் தோளைக் கடித்துவிட்டு விடவே இல்லை. வளையல்கள் உடைந்து இரண்டு பேர் மணிக்கட்டிலும் குத்தின. விலக்கப் போன எனக்குக் கரண்டியால் ஓர் அடி, புருவம் பிளந்தது. தாள் குறுக்கே கிழிந்தது. அப்போதும் ஆளுக்கொரு துண்டை விடாமல் கத்தினார்கள். "என் படம், என் படம்" என்று சின்னம்மா ஊரே கேட்கிற மாதிரி அலறினாள். "நான் காவல் காக்கலன்னா நீ ஒரு வரி படிச்சிருப்பியாடி?" என்று அம்மாவும் அலறினாள்.

வாசலில் காவலுக்கு யாருமில்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா சாப்பாட்டுக்கு வந்து நடையிலேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

மேல்துண்டை மடித்துக் கொடியில் போட்டார். நேராகப் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். தவிட்டுக்குள்ளிருந்து சின்னம்மாவின் இரண்டு வருஷ ராஜ்யம் கட்டாக வந்து விழுந்தது. அடுப்பில் திணித்தார். கட்டாக இருந்ததால் உடனே பிடிக்கவில்லை. குச்சியால் கிளறிக் கிளறி எரித்தார். சின்னம்மா எழுந்து ஓடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவளிடம் வந்து வலது கையைப் பிடித்தார். "இந்தக் கைதான?" என்றார். முழங்கைக்குக் கீழே ஆட்டுக்கல் விளிம்பில் வைத்துத் தன் முழங்காலால் அழுத்தினார். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. சின்னம்மா கூவின கூவலில் பின்சுவர் தாண்டி பாய் வீட்டு அம்மா முக்காட்டோடு குதித்து வந்துவிட்டார்கள். கை பாதியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஆளைக் கொன்றுவிட வேண்டும் என்று வந்தது. கால் நகரவில்லை.

நகர்ந்தது அம்மாதான். ஐந்து நிமிஷம் முன்னால் சின்னம்மாவின் தலையைத் தரையில் இடித்தவள், மூலையில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்தாள். நெல் குத்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஓங்கினாள். முதல் அடி சித்தப்பாவின் தோளில் விழுந்தது. அவர் திரும்பி, "அண்ணி" என்றார். இரண்டாவது அடி மண்டையில். ரத்தம் காதோரமாக ஒழுகிச் சட்டை முழுக்க இறங்கியது. அவர் சரிந்தார். அம்மா மூன்றாவதுக்கும் ஓங்கிவிட்டாள். பாய் வீட்டு அம்மா உலக்கையைக் கட்டிப் பிடித்துத் தொங்கியிருக்காவிட்டால் நைனாவுக்கு அன்றோடு தம்பி இல்லை.

"வுடு, வுடு. செத்தா சாவட்டும்" என்றாள் அம்மா. பிறகு கோழி அறுப்பதைப் பார்த்தவள் மாதிரி பின்கட்டுக்கு ஓடிக் குடலே வரும்படி வாந்தி எடுத்தாள்.

நைனா வந்தார், பார்த்தார். நானே எல்லாம் சொன்னேன். வண்டியைப் பூட்டி வைக்கோல் பரப்பி, உடைந்த கையையும் உடைந்த மண்டையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டைக்கு ஆஸ்பத்திரியில் தையல். கைக்குத் தொண்டூர்ப் பக்கம் எலும்பு கட்டுகிறவர் ஒருவர் முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். போகிற வழி முழுக்க, பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே முனகினார்களாம். நைனா பிறகு சொன்னார், சிரிக்காமல்.

சின்னம்மாவைத் தாய் வீட்டுக்கு அனுப்புவதா, வீட்டுக்கு நடுவில் சுவர் வைப்பதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் அவளும் பேச்சில்லை. ஒருத்தி தோளில் பல் தடம், இன்னொருத்தி தலையில் வீக்கம், எந்த முகத்தோடு பேசுவது? ஆனால் ஒருநாள் காலையில் அம்மா தன் தகரப் பெட்டியைத் திறந்து, யாரையும் தொட விடாமல் வைத்திருந்த பைண்டு புத்தகங்களில் தடிமனான ஒன்றை எடுத்துச் சின்னம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். முதல் வரியிலேயே பிணம் கிடக்கிற கதை. சின்னம்மா முகம் சுளித்தாள். பிறகு பிரித்தாள். சித்தப்பா தலைக்கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தார்.

மத்தியானம் அவர் எழுந்து வந்தார். அவள் நடு முற்றத்தில், தூணில் சாய்ந்து, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். புத்தகத்தை மறைக்கவில்லை.

"சோறு போடு" என்றார்.

அதுவரை சின்னம்மா அவரை வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறாள். கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "சோறு போடுற கையத்தான் நீ ஒடச்சிட்ட. குழம்பு கிளறிக்கினே படிக்கிறவ நான். புஸ்தகம் புடிக்கிறது எப்பவும் இந்தக் கைதான்." இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் வோணும்னா வா."

சித்தப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுக்களையில் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். சின்னம்மா கட்டை விரலால் ஒரு பக்கத்தைத் தள்ளினாள். சித்தப்பா தானே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தார்.