நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

பாலத்து இறக்கத்தில் ஒரு பிக்கப் வண்டியின் முன்சக்கரம் கழண்டு, வண்டியையே முந்திக்கொண்டு ஓடி, நாற்காலி விற்கும் கடைக்குள் புகுந்துவிட்டதாம். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பக்கத்துத் தெரு டீச்சர்தான் சொன்னாள்.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் தையல்காரி.

"நான் எங்க பாத்தேன்? தபால்காரர் சொன்னார். அவரும் பாக்கலையாம். கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் போன வாரம் ஹப் மாத்தின வண்டின்னு பேசிக்கிறாங்க."

தையல்காரி ஒரே தோளை இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் வேறு வேறு அளவு வந்தது.

அவள் வீட்டுக்காரரை டிரைவர்கள் காதண்ணன் என்பார்கள். நடந்து போகும்போதுகூடத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே நடப்பார். தெருவில் போகிற வண்டியின் சக்கரம் முனகினால், எந்தச் சக்கரம் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். எல்லோரும் இவளைப் பார்க்க, அவர் மட்டும் வாசலில் நின்ற வாடகை வண்டிக்காரரிடம், "பின்னால இடது பக்கம் பேரிங் போகப்போகுது, பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காக அவள் தங்கை இன்றுவரை அவரை விட்டுவைக்கவில்லை. "எங்க அக்கா முகத்தையாவது அப்புறம் பாத்தீங்களா மாமா?" என்பாள்.

ஹப் என்பது சக்கரத்தைத் தாங்கிச் சுற்றவைக்கும் இரும்புக் குடம். பேரிங் அதற்குள்தான் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையை ஸ்பிரிங் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். ஹப் போய்விட்டது என்றால் போய்விட்டதுதான். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றி, அது உட்கார்ந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே புதியது ஏறும். நடுவில் வரும் பெரிய நட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழையதையே போடச் சொல்லி எவன் கெஞ்சினாலும் நடக்காது.

கடைசியில் டார்க் ரெஞ்சை எடுப்பார். கை நீளத்துக்கு இருக்கும் அது, வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும், நட்டுக்கும் அச்சு முனைக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். நட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். டக் இல்லாமல் கோடு கிடையாது. கோடு இல்லாமல் வண்டி வெளியே போகாது.

அந்த பாலிஷ் இவளுடையது. கல்யாணமான புதிதில் இரண்டு விரலுக்குப் பூசிவிட்டு வைத்திருந்த புட்டியை, கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் அவளே வாங்கிக் கொடுக்கிறாள். மீதி எட்டு விரல் இன்னும் காத்திருக்கிறது.

டீச்சர் போனதும் தையல்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். போன வாரம் மூன்று வண்டி. ரொட்டிக்காரர் வண்டி, டைல்ஸ் கடை வண்டி, சனிக்கிழமை தங்கையின் வண்டி. தண்ணீர் கேன் போடுகிறவள் தங்கை. அன்று பட்டறை வாசலில் நின்று, "மாமா, கடைக்காரங்க எல்லாம் தாகத்துல செத்துருவாங்க, சீக்கிரம்" என்று குதித்துக்கொண்டிருந்தாளாம்.

பழைய புட்டி வெள்ளிக்கிழமையே காய்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை காலை புதுப் புட்டியைச் சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இவள்தான் வைத்தாள். எழுந்து போய், இன்று அவர் மறந்து வீட்டிலேயே விட்டுப்போன அந்தப் பையின் ஜிப்பைத் திறந்தாள். புட்டி இருந்தது. மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை.

ஊசி குத்தியிருந்த சட்டைத் துணியைத் தோளில் போட்டபடியே பட்டறைக்கு நடந்தாள்.

காதண்ணன் ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். வதந்தி அவளுக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

"ரொட்டிக்காரருக்கும் டைல்ஸ் கடைக்கும் போன் பண்ணிட்டேன். ரெண்டு வண்டியும் நல்லா ஓடுது. கோட்டைப் பாக்கச் சொன்னேன், கோடும் அப்படியே இருக்காம். உன் தங்கச்சி வண்டின்னா முதல்ல நமக்குத்தான் சேதி வந்திருக்கும். எவனோ கதை கட்டியிருக்கான்."

அவள் புட்டியை நீட்டினாள்.

வாங்கி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தலை நிமிர்ந்து நேராக நின்றதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"ரெஞ்ச் போட்டீங்களா?"

"போட்ட மாதிரிதான் இருக்கு. அந்த நேரத்துல உன் தங்கச்சி ஹாரன் அடிச்சா. காதுல டக்குன்னு கேட்டுச்சா, இல்ல கேட்டதா நானே நினைச்சுக்கிட்டேனான்னு…" நிறுத்தினார். "கோடு போடலன்னா, நான் முடிக்கலன்னுதான் அர்த்தம்."

"கையால முடுக்கியிருப்பீங்க இல்ல?"

"கையால முடுக்கினது நாலு நாள் தாங்கும். இன்னைக்கு அஞ்சாவது நாள். மேல கேன் பாரம் வேற."

தங்கையின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஓட்டும்போது எடுக்க மாட்டா," என்றாள் அவள். "நீங்கதான் பழக்கிவிட்டீங்க."

"தெரியும். எடுக்கலன்னா சக்கரம் சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நிம்மதியும் அதுதான், பயமும் அதுதான்."

"இந்நேரம் எங்க இருப்பா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைங்க முடிஞ்சிருக்கும். இனி பாலத்துல இறங்கி வரணும்."

சுவரில் மாட்டியிருந்த ரெஞ்சையும் ஒரு புது நட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழக்கமாக, கிளப்பியதும் அதன் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். இன்று கேட்கவில்லை. அவள் பின்னால் ஏறி ரெஞ்சை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

"உன்னைத் திட்டுவா பாரு," என்றார். "பயமுறுத்திட்டியேக்கான்னு."

"திட்டட்டும். வாயாரத் திட்டட்டும்."

பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையின் நகத்தால் புட்டியின் உறையைச் சுரண்டத் தொடங்கினாள். அவர் தலை மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.