ஒப்டிமைசரை நிறுத்தியதும் வந்த பிழை

டொரொன்ரோவில் எங்கள் அலுவலகம் ஒரு கொம்பைலரை, அதாவது எழுதிய நிரலைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளை, செய்கிறது. அதில் ஏதாவது நிரல் தவறான விடை தந்தால், முதலில் ஒப்டிமைசரை, அதாவது நிரலைச் சுருக்கி வேகமாக்கும் பகுதியை, நிறுத்திப் பார்ப்போம். விடை சரியாகிவிட்டால் பழி அந்தப் பகுதியை எழுதும் அன்ரன் அண்ணைக்கு. பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து ரயிலில் வந்து, கோப்பியோடு பழியையும் குடிப்பார்.

இன்று நான் சோதித்தபோது தலைகீழாக நடந்தது. ஒப்டிமைசர் ஓடினால் விடை சரி. நிறுத்தினால் பிழை.

மைனஸ் எண்ணை வகுக்கும் கட்டளையை வேறொரு குழு தவறாக உருவாக்கியிருக்கிறது. அண்ணையின் பகுதி விடையை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவிடுவதால், அந்தத் தவறான கட்டளை வெளியே வரவேயில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணை, இந்தமுறை பிழை உங்களில இல்லை."

"மெய்யாவோ? உதை எல்லாருக்கும் முன்னால ஒருக்காச் சொல்லும்."

மத்தியானக் கூட்டத்தில் சொன்னேன். மனேச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியென்றால், இவ்வளவு காலமும் இந்தப் பிழையை மறைத்து வைத்திருந்தது ஒப்டிமைசர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை போகவேண்டும். திருத்துகிற வேலை அண்ணையின் தலையில் விழுந்தது.

வெளியே வரும்போது அண்ணை சொன்னார்: "தம்பி, நீர் பேசாமல் இருந்திருக்கலாம்."

இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிற நண்பர்கள் கவனம், அண்ணையும் இந்த மின்னஞ்சல் குழுவில் இருக்கிறார். இது உங்களுக்குப் பிந்திக் கிடைத்தால், அந்தப் பழியையும் அவரிலேயே போடுங்கள்.